ஜான்சி பாட்டுக்கு நான் சொன்ன குறை

அன்பு குறையாத என் சவரிமுத்து அண்ணாச்சிக்கு,

போன இடத்தில் படுக்கை எப்படி? குத்துக்கல்வலசையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் மெத்தை தைத்துக் கொடுத்த மனுஷன் நீர். கடைசி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, "இது மெத்தையா, அப்பளமா?" என்று நர்சுகளிடம் கேட்டீராம். உம் வீட்டுக்காரி, மதினிதான் சொன்னாள். சாகப் போகிற நேரத்திலும் வாய் நிற்கவில்லை பாரும்.

உம்மை, உமக்கு என்று எழுதும்போது ஏதோ ஜெபம் செய்கிற மாதிரி இருக்கிறது. பயப்பட வேண்டாம். உம்மிடம் நான் எதுவும் கேட்கப் போவதில்லை. ஒரு சமாச்சாரம் சொல்ல வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உமக்கு ஆண்டு நினைவு. அன்றைக்கு எல்லோர் கையிலும் கொடுக்க நாலு பக்கத்தில் சின்னப் புத்தகம் போடுகிறார்கள். அதில் நான் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று உம் மகள் ஜான்சி கேட்டாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழையை அவள் திருத்துவாள். கருத்துப் பிழை முழுக்க என்னுடையது.

புத்தகத்தைப் படிக்கிற சொந்தக்காரர்களுக்கு நான் யார் என்று தெரியாது. குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் போகிற பாதையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன் நான். இவருக்கும் எனக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது, பாட்டுச் சம்பந்தம்தான். அதுவும் நானாக ஒரு பாட்டு கட்டியது கிடையாது. கேட்கிறவன் மட்டும்தான்.

"அவரவர் பாட்டு" என்று போனில் நீர் ஒரு குரூப் ஆரம்பித்தீரே, அப்போது எல்லோரும் சிரித்தார்கள். சினிமாப் பாட்டு கூடாது, பக்திப் பாட்டானாலும் அடுத்தவன் எழுதியது கூடாது, அவரவர் கட்டி அவரவர் வீட்டில் பாடிப் பதிந்ததுதான் வர வேண்டும். வந்ததும் வந்தது! குக்கர் விசில் சுருதியில் ஒரு பாட்டு. பின்னால் மாமியார் திட்டுகிற சத்தத்தோடு ஒரு பாட்டு. ஆட்டோ ஓட்டுகிற தம்பி அனுப்பிய பாட்டில் நட்டநடுவே சேவல் கூவியது. அதற்கு நீர் அனுப்பிய பதில் இன்னும் என் போனில் இருக்கிறது. "தம்பி, சேவல் சரியாத்தான் கூவுது. நீருதான் சுருதிய விட்டு விலகிட்டீரு."

வீட்டில் எதிரொலி வருகிறது என்று யாராவது சொன்னால் கடைக்குக் கூப்பிடுவீர். நாலு மெத்தையை நிமிர்த்தி வைத்து, நடுவே ஆளை நிறுத்தி, "இப்பம் பாடும்" என்பீர். மெத்தை சத்தத்தைக் குடித்துவிடும், குரல் மட்டும் மிஞ்சும். பாடிவிட்டு வெளியே வருகிறவன் தலையெல்லாம் பஞ்சோடு வருவான்.

குரூப்புக்கு நீர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. "அருமை", "சூப்பர்" இரண்டும் தடை. எந்த அடி மனசில் ஒட்டியது என்று சொல்ல வேண்டும், எந்த இடத்தில் காது வெளியே போய்விட்டது என்று சொல்ல வேண்டும். மீறினவன் ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்.

நம்ம கூட்டத்தில் பாட்டை முழுசாகக் கேட்கிற ஒரே ஆள் மாடசாமிதான் என்று எல்லோரிடமும் சொல்வீர். அண்ணாச்சி, இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது ரசனை இல்லை, எண்ணெய். சாரல் படாமல் போனைப் பாலிதீன் கவரில் போட்டு ஆணியில் மாட்டி, பாட்டை ஓடவிட்டுத்தான் வேலையில் இறங்குவேன். கை இரண்டிலும் எண்ணெய். நிறுத்தவும் முடியாது, தள்ளவும் முடியாது. நல்லதோ கெட்டதோ கடைசி வரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கேட்பது என் காது மட்டும் இல்லை. கைக்குக் கீழே ஒரு ஆள் இருப்பார். பாட்டு பிடித்தால் அவர் தோள் தானாக இறங்கும். பிடிக்கவில்லை என்றால் கழுத்து நரம்பு கயிறாகும். வாயால் மரியாதைக்கு என்ன வேண்டுமானாலும் சொல்வார்கள், தோளுக்கு மரியாதை தெரியாது. நான் குரூப்பில் சொன்ன கருத்தெல்லாம் அப்படி வந்தவைதான்.

அதில் ஒரு தடவை மாட்டிக்கொண்டோமே, நினைவிருக்கிறதா? வாசுதேவநல்லூரில் தையல் சொல்லித் தருகிற அக்கா முதல் முதலாக ஒரு தாலாட்டு அனுப்பினார்கள். நான் சந்தோஷமாக, "அக்கா, உங்க பாட்டக் கேட்டு ரெண்டு பேரு தூங்கிட்டாவ" என்று சொல்லி அனுப்பினேன். எங்கள் தொழிலில் கைக்குக் கீழே ஆள் தூங்கிவிட்டால் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. அக்காவுக்கு அது எப்படித் தெரியும்? அன்று மாலையே குரூப்பை விட்டுப் போய்விட்டார்கள்.

நீர் கடையைப் பூட்டிவிட்டு என்னை ஸ்கூட்டரில் ஏற்றி வாசுதேவநல்லூருக்கே கொண்டுபோனீர். வழியெல்லாம் ஏச்சு. "ஏலே மாடா, நெசத்தச் சொல்லணும்னா நேர்ல போய்ச் சொல்லணும். மூஞ்சியப் பாத்துச் சொன்னாத்தாம்லே அது சொல்லுது. போன்ல சொன்னா கல்லெறியுத மாதிரி." அக்கா வாசலில் வைத்தே என்னை முறைத்தார்கள். விஷயம் விளங்கியதும் சிரித்து, காப்பி கொடுத்து, இன்னொரு பாட்டையும் பாடிக் காட்டினார்கள். நீர் அங்கேயும் சும்மா இருக்கவில்லை. இரண்டாவது பாட்டு நீளம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தீர்.

நீர் போன பிறகு குரூப் முகப்பில் உம் படத்தை வைத்தோம். அதிலிருந்து யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. எல்லோருடைய பாட்டும் அருமையாகிவிட்டது. சேவல் கூட அருமை. சட்டத்தை மீறினால் வாயை மூடச் சொல்ல ஆள் இல்லையே. நானும் அப்படித்தான் ஆகிப்போனேன்.

ஆடி மாதம், சீசன் கூட்டம் நெரிகிற நேரம், ஜான்சி குரூப்பில் ஒரு பாட்டு போட்டாள்.

ஜான்சிக்குப் பாட வரும் என்று உமக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. தென்காசியில் ஸ்கேன் எடுக்கிற இடத்துக்கு வேலைக்குப் போவாள், வருவாள். நீர் கடையில் உட்கார்ந்து பாட்டுகளைச் சத்தமாகப் போட்டுக் கேட்டால், "பூனை கத்த ஆரம்பிச்சிட்டு" என்று சொல்லி கடையை ஒட்டின வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். அவள் பாட்டு போட்டிருக்கிறாள், அதுவும் உம்மைப் பற்றி.

ஒரு நிமிஷத்தில் குரூப் முழுக்கக் கண்ணீர் பொம்மைகள், கும்பிடுகிற கைகள். நானும் எண்ணெயில் கை வைப்பதற்கு முன்னால், "அருமை அம்மாடி, அண்ணாச்சி மேல இருந்து கேப்பாரு" என்று சொல்லி அனுப்பிவிட்டுத் துண்டை உதறினேன். உடனே போன் அடித்தது.

"சித்தப்பா, பாட்டு எத்தன நிமிஷம்?"

"அது வந்து... நல்ல அளவாத்தான இருந்துச்சு."

"நாலு நிமிஷம் சித்தப்பா. நான் போட்டு ஒரு நிமிஷத்துல ஒங்க 'அருமை' வந்துட்டு. மிச்சம் மூணு நிமிஷத்த யாரு கேட்டா?"

மாட்டிக்கொண்டேன் அண்ணாச்சி. அப்பன் மகளேதான்.

"எல்லாரும் அழுதுட்டாவ, போதும்" என்றாள். "அப்பா சொல்லுவாவல்லா, எண்ணெய்ச் சித்தப்பாதான் முழுசா கேப்பாருன்னு. அதான் ஒங்கள நம்பி இருக்கேன். ஆண்டு நினைவுக்கு மாதா கோயில் மண்டபத்துல இத பாடப் போறேன். எல்லாச் சொந்தமும் வரும். நல்லால்லன்னா இப்பமே சொல்லுங்க."

அன்று மூன்று பேருக்கு எண்ணெய் தேய்த்தேன். மூன்று பேருக்கும் அந்தப் பாட்டுதான் ஓடியது. தெய்வமே, தியாகமே, உருகிப்போன மெழுகே, எனக்காகத் தேய்ந்த சந்தனமே. குரல் நல்ல குரல், கண்ணாடிச் சீசாவில் தட்டின மாதிரி. ஆனால் தோள்கள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. விடுமுறையில் வந்திருந்த ஒரு போலீஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டே, "பள்ளிக்கூட ஆண்டு விழாப் பாட்டா?" என்று கேட்டார்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவர் முதுகு குலுங்கியது. இரண்டாவது சரணத்தில், பஞ்சு மூக்கில் ஏறித் தும்முகிற அப்பா என்று ஒரு வரி வந்தது. போலீஸ்காரர் சிரித்தார். "யாரு அது, தும்முதவரு?" என்று கேட்டார். மற்ற மூன்றே முக்கால் நிமிஷத்துக்கும் அவர் அந்த அப்பா யார் என்று கேட்கவில்லை.

போனில் சொல்லவில்லை. நீர் சொல்லிக் கொடுத்த பாடம் அது. மறுநாள் காலையிலேயே குத்துக்கல்வலசைக்கு பஸ் ஏறினேன். கடையை இப்போது மதினிதான் பார்க்கிறாள். கணக்காக நடத்துகிறாள், உம்மை மாதிரி வாடிக்கையாளருக்குப் பாட்டுப் போட்டுக் காட்டுவதில்லை. ஜான்சியும் லீவு போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் வருவேன் என்று தெரிந்திருக்கிறது.

"சொல்லுங்க சித்தப்பா."

"ஏட்டி, கொரலுக்குக் கொறையே கெடையாது. ஆனா பாட்டுல ஒங்கப்பா இல்ல."

"என்னது?"

"மெழுகுவர்த்தி இருக்கு, சந்தனம் இருக்கு, தெய்வம் இருக்கு. சவரிமுத்து அண்ணாச்சியக் காங்கல. அந்தத் தும்மல் வரியில மட்டும் எட்டிப் பாத்துட்டுப் போயிட்டாரு. அந்த ஒரு வரிய வச்சிக்கிட்டு மிச்சத்தத் தூரப் போட்டுரு."

சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தேன். அவள் முகம் கறுத்துவிட்டது. "ராத்திரி பகலா இருந்து எழுதினேன்" என்றாள். மதினிதான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"எங்க வீட்டுத் துக்கத்துக்கு மார்க்குப் போடவா வந்தீரு மாடசாமி? பிள்ள பெத்த தகப்பன நெனச்சிப் பாடியிருக்கு. அதுல இது சொத்த, அது சொள்ளன்னு பொறுக்குதீரு. காப்பி குடிச்சாச்சில்லா? கெளம்பும்."

காப்பி கொடுக்கவே இல்லை அண்ணாச்சி. அதைக்கூடச் சொல்லாமல் கிளம்பினேன்.

பஸ்ஸில் வரும்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மண்டபத்தில் ஒரு நாள் பாடுகிற பாட்டு. சொந்தக்காரர்கள் அழுவார்கள், பிரியாணி சாப்பிடுவார்கள், போய்விடுவார்கள். அது யாருடைய அப்பாவாக இருந்தால் என்ன? ஒரு பொய்யில் முடிந்திருக்க வேண்டியது. நீராக இருந்தால் சொல்லியிருப்பீரா? சொந்த மகளிடம்? இதற்கு உம்மிடம் பதில் இருக்கிறதா?

பிறகு ஒரு மாதம் அந்த வீட்டிலிருந்து பேச்சில்லை. சீசன் வடிந்தது. லாட்ஜுகளில் அறை காலி என்று பலகை தொங்கியது. ஒரு மதியம், ஒரே ஒரு ஆளைப் பலகையில் குப்புறப் படுக்கப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், குடையை மடக்கிக்கொண்டு ஜான்சி வந்து நிற்கிறாள்.

"அனுப்பிருக்கலாம்லா அம்மாடி. இங்கன எதுக்கு அலையுத?"

"அனுப்புனா ஊரு முழுக்கத் தோளுத் தோளா போட்டுக் காட்டுவீங்க. கைய எடுக்காண்டாம். நானே பிடிச்சிக்கிடுதேன்" என்று போனை என் காதுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்றரை நிமிஷம்தான் பாட்டு. தாளம் இல்லை, ஒன்றும் இல்லை. மெத்தைகளுக்கு நடுவே நின்று பதிந்திருக்கிறாள், மூச்சுகூடக் கேட்டது.

பஞ்சு மூக்கில ஏறித் தும்முத அப்பா,
ஊராரு பாட்டுக்குக் காது குடுத்த அப்பா,
அடுத்த ரூமில நானுந்தான் பாடினேன்,
மெத்தைக்கு அங்கிட்டுக் கேக்கலையா அப்பா?

"என்ன அண்ணாச்சி, நிப்பாட்டிட்டீங்க?" என்று கீழே படுத்திருந்தவர் கேட்டார். அப்போதுதான் கவனித்தேன். என் கை அவர் முதுகிலேயே நின்றுபோயிருக்கிறது.

கதவைச் சாத்தினாளே, அது பூனைச் சத்தத்துக்குப் பயந்து இல்லையாம். நீர் மற்றவர்களுக்குச் சொல்கிற குறைகளை உள்ளேயிருந்து கேட்டு, தன் பாட்டில் அதைத் திருத்திக்கொள்வாளாம். இத்தனை வருஷமும். என்றைக்காவது கதவைத் தட்டி, "என்னமோ முணுமுணுக்கியே, என்னட்டி அது?" என்று நீர் கேட்பீர் என்று இருந்திருக்கிறாள். நீர் வாசுதேவநல்லூர் வரை போய்க் கேட்டீர். பத்தடி உள்ளே போகவில்லை.

குறை சொல்கிறேன் என்று கோபப்படாதேயும். நானும்தான் அந்தக் கடையில் உட்கார்ந்து காப்பி குடித்தேன், எனக்கும்தான் கேட்கவில்லை.

"அம்மா வேண்டாங்கா" என்றாள் ஜான்சி. "செத்தவுகளக் கொற சொல்லி மண்டபத்துல பாடுவியாட்டி, பெரியப்பாமாரெல்லாம் என்ன நெனைப்பாவன்னு கேக்கா. மொதப் பாட்டே போதும்ங்கா."

"நீ என்ன சொல்லுத?"

அவள் குடைக்கம்பியைத் திருகினாள். "சித்தப்பா, ஒண்ணு கேக்கேன். அப்பாவுக்கு உள்ளூரத் தெரிஞ்சிருக்குமோ? நான் பாடுததக் கேட்டுட்டு, கேக்காத மாதிரி இருந்திருப்பாவளோ? கேட்டிருப்பாவன்னு நீங்க சொல்லுங்க. அந்தக் கடைசி வரிய எடுத்துருதேன். அம்மாவுக்கும் சங்கடம் இல்ல."

எவ்வளவு லேசான வேலை பாரும். "ஆமா அம்மாடி, என்கிட்ட அடிக்கடி சொல்லுவாரு" என்று ஒரு வார்த்தை சொன்னால் மகளுக்கு நிம்மதி, மதினிக்கு நிம்மதி, உம் பெயருக்கும் பழுதில்லை. வாய் வரைக்கும் வந்துவிட்டது. பலகையில் படுத்திருந்த அந்த ஆள்கூட, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"இல்ல அம்மாடி" என்றேன். "அவருக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே எனக்குப் போனப் போட்டிருப்பாரு. ஒரு நல்ல பாட்டக் கேட்டுட்டு ஒரு மணி நேரம் சொல்லாம இருக்க அவரால முடியாது. கேட்டிருந்தார்னா தென்காசி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரிஞ்சிருக்கும்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மூக்கை ஒரு தடவை உறிஞ்சினாள். "அப்ப அந்த வரி இருக்கட்டும்" என்றாள். குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

படுத்திருந்தவர், "நீங்க ஆமான்னு சொல்லிருக்கலாம்" என்றார். "ஒமக்கு முதுகுக்குத் தேய்க்கத்தான் எண்ணெய். பேசாமப் படும்" என்று சொல்லி வேலையைப் பார்த்தேன். ஆனாலும் அன்றைக்குப் பொழுது முழுக்க அந்தப் பேச்சு கூடவே வந்தது.

நேற்று மதினி போன் செய்தாள். அந்தக் காப்பிக்குப் பிறகு முதல் பேச்சு. ஜான்சி பாட்டை அதுவரை எழுத்தில் பார்த்ததோடு சரி, பாடிக் கேட்கவே மாட்டேன் என்றிருந்தாளாம், நேற்றுதான் கடைசி வரை கேட்டாளாம். "எனக்கும் கேக்கல மாடசாமி, நானும் அதே வீட்டுலதான் இருந்தேன்" என்றாள். பிறகு பழைய மதினி ஆகிவிட்டாள். "பாடட்டும். ஆனா நீரு முன்னால வந்து உக்காரும். எவனாவது மொறச்சான்னா பிள்ள ஒம்ம மூஞ்சியப் பாத்துப் பாடட்டும். இழுத்து விட்டது நீருதான?"

ஆகவே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தில், எல்லோர் முன்னாலும் உம் மகள் உம்மிடம் ஒரு கேள்வி கேட்கப் போகிறாள். அதில் இழுத்து விட்டவன் நான். வருத்தம் இருந்தால் என் பெயரில் வைத்துக்கொள்ளும்.

உமக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அண்ணாச்சி. சட்டை போட்டுக்கொண்டு வருவேன், முதல் வரிசையில் நடு நாற்காலியில் உட்காருவேன். அவள் பாடும்போது தலையை ஆட்ட மாட்டேன், கண்ணைத் துடைக்க மாட்டேன். மூன்றாவது அடி முடிந்ததும் அவள் மூச்சு வாங்காமல் அடுத்த அடிக்கு ஓடிவிடுகிறாள், அதனால் கேள்வி தேய்ந்து போகிறது. அந்த இடம் வரும்போது, அவள் பார்க்கிற மாதிரி, நெஞ்சு நிறைய நான் ஒரு மூச்சு இழுப்பேன். என்னைப் பார்த்து அவளும் இழுத்துக்கொள்வாள். அப்புறம் கேட்கட்டும்.

உமக்குத் தம்பியும், உம் மகளுக்குச் சித்தப்பாவுமான
எண்ணெய் மாடசாமி,
குற்றாலம்.